சத்தம் வரவில்லை என்றால்?

மெட்டல் டிடெக்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய ரயில் நிலையத்தின் வாசலில் ஒரு கதவுச் சட்டம் நிற்கும். அதன் வழியாக நாம் நடந்து போவோம். சில இடங்களில் காவலர் கையில் மட்டை போன்ற ஒரு கருவியை வைத்திருப்பார். அதை நம் உடலருகே மேலும் கீழும் நகர்த்துவார். பையில் சாவி இருந்தால் 'கீச்' என்று சத்தம் வரும்.

இதே கருவியில் தரையைத் தேடும் வகையும் உண்டு. நீண்ட கம்பு, கீழே ஒரு வட்டத் தட்டு, மேலே ஒரு சிறிய பெட்டி. தட்டிலிருந்து பெட்டிக்கு ஒரு ஒயர் போகும். மண்ணுக்கு அடியில் இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம் எது இருந்தாலும் பெட்டி சத்தம் போடும்.

சத்தம் வந்தால் உலோகம் இருக்கிறது. சரி. சத்தம் வரவில்லை என்றால்? உலோகம் இல்லை என்று பொருளா?

இந்தக் கேள்வி எங்கள் களமசேரி வகுப்பில் வந்தது. ஒரு பையனின் நல்ல பெயர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. அந்தக் கதையைப் படிப்போம். கருவியைச் சரி செய்யும் முறையையும் கற்போம்.

காணாமல் போன கம்மல்

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா படிக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் கணவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அண்ணாச்சி பழைய இரும்புக் கடையில் வேலை செய்கிறார். இங்கே மலையாளத்தில் அதை ஆக்ரிக் கடை என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆலுவாப் பக்கம் பெரியாற்றுக்குக் குளிக்கப் போனார்கள். துணி துவைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனும் கூடப் போனான். அவனுக்கு 14 வயது. துணி மூட்டையைச் சுமந்து உதவி செய்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா காதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கம்மலைக் காணோம். கால் பவுன் கம்மல். அவர் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது.

மறுநாள் ஆற்றில் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அண்ணாச்சியின் கடையில் ஒரு பழைய மெட்டல் டிடெக்டர் கிடந்தது. யாரோ எடைக்குப் போட்டது. அண்ணாச்சி அதில் ஒரு பேட்டரியைப் போட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது. இரும்புக் குவியலின் பக்கம் கொண்டு போனார். கத்தியது. முதலாளியிடம் கேட்டு அதை ஆற்றுக்கு எடுத்துப் போனார்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு மணி நேரம் தேடினார். ஒரு சத்தமும் வரவில்லை.

"மிஷினே சொல்லிட்டுது. ஆத்துல இல்லை. அப்போ யாரோ எடுத்திருக்கணும்" என்றார்.

'யாரோ' என்றால் யார்? கூட வந்தது அந்தப் பையன் ஒருவன்தான். யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு தெருவில் பரவியது. பையன் விளையாட வெளியே வருவதை நிறுத்தினான். அவன் அம்மாவும் எங்கள் வகுப்பில்தான் படிக்கிறார். இரண்டு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை.

ஒரு வாளித் தண்ணீர்

மூன்றாம் நாள் அவர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த மிஷின் பொய் சொல்லாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணாச்சியைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, மிஷினைத் தண்ணிக்குள்ள வச்ச பிறகு ஏதாவது இரும்பைக் காட்டிப் பாத்தீங்களா?"

"இல்லை டீச்சர். கடையில காட்டினேன். கத்திச்சே!"

"கடையில் தண்ணீர் இல்லையே."

உடனே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டு வந்தோம். அண்ணாச்சி கருவியை எடுத்து வந்தார். விளக்கு எரிந்தது. முதலில் வெளியே வைத்து என் வளையலைக் காட்டினோம். மெதுவாகச் சத்தம் வந்தது. பிறகு வட்டத் தட்டை வாளிக்குள் இறக்கினோம். தட்டுக்குச் சற்று மேலே ஒயரில் கறுப்பு டேப் சுற்றிய ஓர் ஒட்டு இருந்தது. அதுவும் தண்ணீருக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்து வளையலைத் தட்டின் அருகே கொண்டு போனோம்.

சத்தம் இல்லை.

அரிவாள்மணையைக் கொண்டு போனோம். சத்தம் இல்லை.

வகுப்பே அமைதியானது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கருவி ஆற்றில் ஊமையாகி இருந்திருக்கிறது. "இல்லை" என்று அது சொல்லவில்லை. அது ஒன்றுமே சொல்லவில்லை. நாம்தான் அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டோம்.

அண்ணாச்சி எழுந்தார். வாசலில் நின்ற அம்மாவிடம் போனார்.

"தங்கச்சி, தப்பு என் மேலதான். மனசுல வச்சுக்காத" என்றார்.

"மொதல்ல மிஷினைச் சரி பண்ணுங்க அண்ணாச்சி. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

எங்கள் தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரை வகுப்புக்கு அழைத்தோம். அவர் விளக்கினார்.

வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் பெட்டிக்குள் வேகமாக மாறும் மின்சாரம் ஆகிறது. அது ஒயர் வழியாகச் சுருளுக்குப் போகிறது. அப்போது சுருளைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகம் வந்தால் அந்த உலோகத்திலும் சிறு மின்சாரம் சுழல்கிறது. அதனால் புலம் கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தைச் சுருள் உணர்ந்து ஒயர் வழியாகப் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி சத்தம் போடுகிறது.

மாறும் காந்தப் புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்பதை 1831-இல் இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே கண்டுபிடித்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பார்த்தபடி அங்கே வந்த புத்தகங்களைப் படித்து அறிவை வளர்த்தவர்.

1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். குண்டு உடலில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்து தேடினார். குண்டைச் சரியாகக் காட்ட முடியவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிச் சுருள்கள் இருந்தன. அவை கருவியைக் குழப்பின என்று சொல்வார்கள். கருவி ஊமையாகலாம். குழம்பிப்போய் வீணாகக் கத்தவும் செய்யலாம். பயன்படுத்துகிறவர்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

நம் கருவியில் என்ன கோளாறு? அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தார். கோளாறு இரண்டு. ஒன்று பேட்டரி. மற்றொன்று ஒயர் ஒட்டு.

முதல் கோளாறு: பேட்டரி

கருவிக்குள் 9 வோல்ட் பேட்டரி இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரப் பேட்டரி. மேலே இரண்டு பொத்தான் இருக்கும். கருவியை நிறுத்தி வைத்து அளந்தால் மீட்டர் 8.5 வோல்ட் காட்டியது. கருவியை ஓட விட்டு அளந்தால் 6.5 வோல்ட்தான் காட்டியது.

சும்மா நிற்கிற மாடு பலசாலியாகத்தான் தெரியும். வண்டியில் பூட்டினால்தான் அதன் பலம் புரியும். பேட்டரியும் அப்படித்தான். அதைக் கருவி ஓடும்போது அளக்க வேண்டும். விளக்கு எரிவதை நம்பக் கூடாது. அந்தச் சின்ன விளக்குக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். பேட்டரி சோர்ந்த பிறகும் அது எரியும்.

வேறு பேட்டரி அமைப்பு

புதிய 9 வோல்ட் பேட்டரி வாங்கலாம். ஆனால் அது சீக்கிரம் தீரும். உள்ளே ஆறு சின்னஞ்சிறு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். செல் சிறியது, அதனால் சரக்கும் குறைவு.

அண்ணன் வேறு வழி சொன்னார். கடிகாரத்திலும் டி.வி. ரிமோட்டிலும் போடும் பென்சில் செல்லும் 1.5 வோல்ட்தான். ஆறு செல்லை வரிசையாகச் சேர்த்தால் அதுவும் 9 வோல்ட்.

1.5 × 6 = 9

ஆனால் பென்சில் செல் பெரியது. சரக்கு அதிகம். தண்ணீரை வைத்துப் பார்ப்போம். வோல்ட் என்பது தொட்டி இருக்கும் உயரம் போல. தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வரும். சரக்கு என்பது தொட்டியின் கொள்ளளவு. அதை மில்லி ஆம்பியர் மணி என்று அளக்கிறார்கள். இரண்டு தொட்டியும் ஒரே உயரத்தில் இருக்கலாம். பெரிய தொட்டிதான் அதிக நேரம் தண்ணீர் தரும்.

கணக்குப் போடுவோம்

எங்கள் கருவி ஓடும்போது 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது.

சதுரப் பேட்டரியின் சரக்கு ஏறக்குறைய 500. அப்படியானால் 500 ÷ 50 = 10 மணி நேரம்.

நல்ல ஆல்கலைன் பென்சில் செல்லின் சரக்கு ஏறக்குறைய 2000. அப்படியானால் 2000 ÷ 50 = 40 மணி நேரம்.

ஆறு செல் சேர்த்தால் சரக்கும் ஆறு மடங்கு ஆகுமா? ஆகாது. வரிசையாகச் சேர்த்தால் வோல்ட்தான் கூடும். சரக்கு ஒரு செல்லின் அளவுதான்.

மாற்றும் முறை

1. ஆறு பென்சில் செல் போடும் பிளாஸ்டிக் கூடு ஒன்று வாங்குங்கள். ரேடியோ சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். மேலே சதுரப் பேட்டரியில் இருப்பது போலவே இரண்டு பொத்தான் உள்ள கூடாகக் கேளுங்கள்.

2. செல்லைப் போடும்போது கூட்டில் உள்ள + − குறியைப் பாருங்கள். ஒரு செல் திரும்பி இருந்தாலும் கருவி சரியாக ஓடாது.

3. கருவியில் மாட்டும் முன் மீட்டரால் அளந்து பாருங்கள். 9 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். + எது, − எது என்றும் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் சில கருவிகள் கெட்டுவிடும்.

4. கூட்டை வட்டத் தட்டின் அருகே கட்டாதீர்கள். செல்லின் உறை இரும்பு. கருவி அதையே கண்டுபிடித்துக் கத்தும். கம்பின் மேல் முனையில் கட்டுங்கள். இடுப்பில் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

5. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கூட்டை வையுங்கள். தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாது. ஆனால் டப்பாவைத் தண்ணீரில் மூழ்க விடக் கூடாது.

எச்சரிக்கை

பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்காதீர்கள். சோர்ந்த செல் கசியும்.

சார்ஜ் செய்யும் பென்சில் செல்கள் பலவும் 1.2 வோல்ட்தான். ஆறு போட்டால் 7.2 வோல்ட். சில கருவிக்கு அது போதாது. கருவியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துப் பாருங்கள்.

பென்சில் செல்லின் அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கிடைக்கிறது. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆறு போட்டால் 22 வோல்ட்டுக்கு மேல் போகும். கருவி எரிந்துவிடும். வாங்கும்போது செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிக்கத் தெரிந்தால் இந்த நஷ்டம் வராது.

சார்ஜ் செய்யாத வகைச் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. வெடிக்கலாம்.

கருவியை எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றி வையுங்கள்.

இரண்டாம் கோளாறு: ஒயர் ஒட்டு

முன்பு யாரோ ஒயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கறுப்பு டேப்பைப் பிரித்தோம். உள்ளே செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பேறி இருந்தது.

கறுப்பு டேப் எதற்கு? நம் கை கம்பியில் படாமல் காக்க. தண்ணீரைத் தடுக்க அது போதாது. வெயிலில் அதன் பசை இளகும். பிறகு டேப்பின் ஓரம் விலகும். அந்த இடுக்கில் தண்ணீர் நுழையும்.

நுழைந்த தண்ணீர் அங்கேயே நிற்காது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து ஏறும். வெளியே ஒயர் காய்ந்திருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். சுருளுக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியாகக் கசியும். கருவி ஊமையாகும். உப்புத் தண்ணீர் என்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். வைப்பின் கடற்கரையில் படகு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். படகு விளக்கின் ஒயரில் இந்தத் தொல்லையை அவர்கள் அறிவார்கள்.

தண்ணீர் புகாத ஒட்டுப் போடும் முறை

1. செல்லைக் கழற்றுங்கள்.

2. ஒயரின் நிறங்களை நோட்டில் எழுதுங்கள். எங்கள் கருவியில் நான்கு ஒயர்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி ஒரு கம்பி வலை இருந்தது. அண்ணாச்சி தன் நோட்டில் எழுதினார்: "சிவப்பு–சிவப்பு. வெள்ளை–வெள்ளை. பச்சை–பச்சை. மஞ்சள்–மஞ்சள். வலை–வலை." வகுப்புப் பாடத்துக்கு வெளியே அவர் தானாக எழுதிய முதல் வரி அதுதான்.

3. களிம்பேறிய பகுதியை வெட்டுங்கள். செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டுங்கள். தேவைக்கு மேல் வெட்டாதீர்கள். ஒயரின் நீளம் அதிகம் மாறினால் கருவியின் ஒழுங்கு மாறும். புதிதாக நீளமான ஒயரைச் சேர்க்கவும் வேண்டாம்.

4. சூடுபட்டால் சுருங்கும் குழாய் கடையில் கிடைக்கும். சிறிய குழாய் நான்கு, பெரிய குழாய் ஒன்று வாங்குங்கள். பெரியதில் உள்ளே பசை பூசிய வகையைக் கேளுங்கள். கம்பியைச் சேர்க்கும் முன்பே குழாய்களை ஒயரில் கோத்து விடுங்கள். பலரும் இதை மறப்பார்கள். ஒட்டுப் போட்ட பிறகு குழாயைக் கோக்க முடியாது. நாங்களும் ஒரு முறை மறந்து மறுபடி பிரித்தோம்.

5. நான்கு ஒட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது. படிக்கட்டு போல ஒன்றுக்குக் கீழ் ஒன்று வரட்டும். அப்போது ஒட்டு பருமனாகாது. ஒன்றோடொன்று உரசாது.

6. கம்பியை முறுக்கி ஈயப்பற்று வையுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். புகையை முகராதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

7. சிறிய குழாயை ஒவ்வொரு ஒட்டின் மேலும் நகர்த்திச் சூடு காட்டுங்கள். சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வலையையும் வலையோடு சேருங்கள். வலை வெளிச் சத்தத்தைத் தடுக்கும் வேலி.

8. கடைசியில் பெரிய குழாயை மேலே இழுத்துச் சூடு காட்டுங்கள். இரண்டு ஓரத்திலும் பசை கொஞ்சம் வழிந்து வர வேண்டும். அதுதான் தண்ணீருக்குப் போட்ட பூட்டு.

9. மேலே ரப்பர் நாடா சுற்றலாம். இதில் பசை இருக்காது. இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று அடுத்த சுற்றின் பாதியை மூட வேண்டும்.

10. ஒயரைக் கம்போடு பிளாஸ்டிக் பட்டையால் கட்டுங்கள். இழுவை ஒட்டில் விழக் கூடாது. இரும்புக் கம்பியால் கட்டாதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

குளியலறை ஓரங்களில் பூசும் சிலிகான் பசையை ஒட்டின் மேல் அப்பலாமா என்று அண்ணாச்சி கேட்டார். அதில் ஒரு வகை காடி வாசம் அடிக்கும். அந்த வாசம் புளிப்பு அமிலத்தின் வாசம். அது செம்பை அரிக்கும். அந்த வகை வேண்டாம்.

மறக்கக் கூடாத ஒன்று

இந்தப் பாடம் பேட்டரியில் ஓடும் கருவிக்கு மட்டும்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது உயிரை எடுக்கும். மோட்டார் ஒயர், மிக்ஸி ஒயர், வாசல் விளக்கு ஒயர் இவற்றுக்கு இந்த ஒட்டுப் போடாதீர்கள். மழைக்காலத்தில் டேப் சுற்றிய வீட்டு ஒயரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

வாளிச் சோதனை

சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர் என்ன செய்வார்? டியூபை ஒட்டியதும் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார். நாமும் அப்படியே செய்ய வேண்டும்.

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுங்கள். இரும்பு வாளி உதவாது. தட்டையும் ஒட்டையும் முழுவதும் மூழ்க வையுங்கள். பெட்டியும் பேட்டரியும் வெளியே இருக்கட்டும். அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மூழ்கிய நிலையிலேயே ஒரு மோதிரத்தைக் காட்டுங்கள். சத்தம் வர வேண்டும். ஒயரை மெதுவாக ஆட்டுங்கள். அப்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் ஒட்டு சரியில்லை. மறுபடி போடுங்கள்.

எங்கள் கருவி அரை மணி நேரம் கழித்தும் நன்றாகக் கத்தியது.

வன்னியில் ஒரு பாடம்

நமக்கு இது ஒரு கம்மல். சிலருக்கு இது கால், சிலருக்கு உயிர்.

இலங்கையின் வட பகுதியில் நீண்ட காலம் போர் நடந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. ஆனால் மண்ணில் புதைத்த கண்ணிவெடிகள் அப்படியே இருந்தன. வயலுக்குப் போனவர்களும் விறகு பொறுக்கியவர்களும் கால் இழந்தார்கள். மக்கள் சொந்த ஊருக்குத் திரும்ப முடியவில்லை.

வெடிகளை அகற்றும் வேலை போருக்கு நடுவே 2002-இல் அமைதி ஒப்பந்தம் வந்தபோதே பெரிய அளவில் தொடங்கியது. ஹாலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்கள் அந்த ஊர் மக்களுக்கே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தன. அவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் முகமாலை என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த கண்ணிவெடி நிலம் மிகப் பெரியது. பெண்கள் முட்டி போட்டு ஒவ்வோர் அங்குலமாகத் தேடினார்கள்.

அங்கே புதைத்த வெடிகளில் பல பிளாஸ்டிக் உறை கொண்டவை. உள்ளே உலோகம் மிகக் கொஞ்சம்தான். நல்ல நிலையில் உள்ள கருவிதான் அதைக் காட்டும். பேட்டரி சோர்ந்திருந்தால்? ஒயரில் ஈரம் புகுந்திருந்தால்? கருவி பேசாது. அந்த மௌனத்தை நம்பிக் கால் வைக்க முடியுமா?

அதனால் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு ஒரு விதி உண்டு. காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு சிறு உலோகத் துண்டைக் கருவிக்குக் காட்ட வேண்டும். கருவி சத்தம் போட்டால்தான் வேலை. வேலையின் நடுவிலும் சோதிக்க வேண்டும். பேட்டரி மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும்.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நிலம் முழுவதையும் சுத்தம் செய்ய 2028 ஜூன் வரை காலம் கொடுக்கப்பட்டது. சுத்தமான நிலங்களில் மக்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். "இங்கே வெடி இல்லை" என்று ஒருவர் சொன்ன சொல்லை நம்பித்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் தினமும் சோதித்துப் பார்த்த கருவி இருக்கிறது.

மறுபடியும் ஆற்றுக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் பெரியாற்றுக்குப் போனோம். அந்தப் பையனும் வந்தான். அவன் வரமாட்டேன் என்றான். அண்ணாச்சி வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார்.

தண்ணீரில் இறங்கியதும் முதல் வேலை சோதனை. அக்கா தன் மற்றொரு கம்மலைக் கழற்றினார். அதை ஒரு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தட்டின் அருகே பிடித்தார். கருவி கத்தியது. நான்கு விரல் தூரத்திலும் கத்தியது. அதற்கு மேல் போனால் சத்தம் இல்லை. "அப்போ தட்டு தரையைத் தொடுற மாதிரிப் போகணும்" என்றார் அண்ணாச்சி. முன்பு ஒரு முழ உயரத்தில் ஆட்டியிருந்தார்.

துணி துவைத்த கல்லிலிருந்து தொடங்கினோம். முதல் சத்தம் சோடா பாட்டில் மூடி. இரண்டாவது ஓர் ஆணி. மூன்றாவது மறுபடி மூடி. கால் மணிக்கு ஒரு தடவை கம்மலைக் காட்டிச் சோதித்தோம். பன்னிரண்டு மணி ஆயிற்று. படியின் கீழே, இரண்டு கல்லுக்கு நடுவே கருவி கத்தியது. பையன் குனிந்து கையை விட்டான். மணலோடு அள்ளினான். சல்லடையில் போட்டு அலசினான்.

கம்மல்.

அக்கா அதை வாங்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிரு ராசா" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கம்மல் கிடைக்காமலே போயிருக்கலாம். ஆறு அடித்துப் போயிருக்கலாம். அப்போதும் அந்தப் பையன் குற்றவாளி ஆக மாட்டான். ஒரு கருவி பேசவில்லை என்பது ஒரு மனிதன் மேல் சாட்சி ஆகாது.

மண்ணில் புதையல் கிடைத்தால்?

நாம் தொலைத்த பொருளைத் தேடலாம். ஆனால் மண்ணுக்குள் பழைய நகையோ நாணயமோ கிடைத்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்ஙளாயியில் வேலை உறுதித் திட்டப் பெண்கள் ரப்பர் தோட்டத்தில் மழைநீர்க் குழி வெட்டினார்கள். ஒரு பாத்திரம் கிடைத்தது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்தார்கள். உள்ளே பழைய நகைகளும் காசுகளும் இருந்தன. அப்படியே ஒப்படைத்தார்கள். நல்ல வழி அதுதான். குண்டு போல எதையாவது கண்டால் தொடாதீர்கள். விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

நினைவில் வையுங்கள்

விளக்கு எரிவதால் கருவி நலம் என்று எண்ணாதீர்கள்.

பேட்டரியை ஓடும்போது அளந்து பாருங்கள்.

கறுப்பு டேப் தண்ணீரைத் தடுக்காது.

எந்த இடத்தில் தேடுகிறோமோ அந்த இடத்திலேயே சோதியுங்கள்.

தெரிந்த பொருளைக் காட்டிச் சோதித்த பிறகுதான் "இல்லை" என்று சொல்லுங்கள்.

பேசுவோம்

1. அண்ணாச்சி கடையில் கருவியைச் சோதித்தார். அது ஏன் போதவில்லை?

2. சரியாகத் தெரியாமல் ஒருவர் மேல் பழி சொன்ன நிகழ்ச்சி உங்கள் ஊரில் உண்டா? பிறகு என்ன நடந்தது?

3. உங்கள் வீட்டில் டேப் சுற்றிய ஒயர் எங்கே எல்லாம் இருக்கிறது?

கணக்கு

1. ஒரு டார்ச் லைட்டில் மூன்று செல் இருக்கிறது. ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். மொத்தம் எத்தனை வோல்ட்?

2. ஒரு கருவி 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. செல்லின் சரக்கு 2000. எத்தனை மணி நேரம் ஓடும்?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு செல்லை எடுங்கள். அதன் மேல் எழுதியுள்ள வோல்ட்டைப் படித்து நோட்டில் எழுதுங்கள். + − குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று படம் வரையுங்கள்.